மனு ரசீதா, எஃப்.ஐ.ஆரா? காவல் நிலையப் புகார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் புகாரோடு காவல் நிலையப் படியேறுகிறவர்களுக்கும், விசாரணைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தவர்களுக்கும் இந்தப் பக்கம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.), குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.எஸ்.) வந்துவிட்டன. பழைய எண்கள் இன்னும் பலர் வாயில் புழங்குவதால், தேவைப்பட்ட இடங்களில் இரண்டையும் கொடுத்திருக்கிறோம்.

புகார் கொடுத்தேன், ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அதுதான் எஃப்.ஐ.ஆரா?

பெரும்பாலும் இல்லை. சீட்டின் தலைப்பைப் பாருங்கள். ‘மனு ரசீது’ என்றோ ‘சி.எஸ்.ஆர். எண்’ (கம்யூனிட்டி சர்வீஸ் ரிஜிஸ்டர் என்ற பதிவேட்டின் எண்) என்றோ இருந்தால், உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. வழக்கு இன்னும் பிறக்கவில்லை. எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை, பல பக்கங்கள் கொண்ட அச்சிட்ட படிவம். அதில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, குற்ற எண், சட்டப்பிரிவுகள் எல்லாம் வரிசையாக இருக்கும். நீதிமன்றத்திலும் இன்சூரன்ஸ் அலுவலகத்திலும் கேட்பது அந்தக் குற்ற எண்ணைத்தான்.

பி.என்.எஸ்.எஸ். முழுவதையும் புரட்டினாலும் சி.எஸ்.ஆர். என்ற சொல் அகப்படாது. அது இங்கே காவல் நிலையங்களில் வழக்கத்தில் இருக்கும் ஒரு பதிவேடு. சின்னச் சச்சரவுகளை அழைத்துப் பேசி முடிக்க அது பயன்படத்தான் செய்கிறது. ஆனால் கத்திக்குத்தும் வீடு புகுந்த திருட்டும் அந்தப் பதிவேட்டிலேயே தங்கிவிட்டால், சட்டப்படி விசாரணை தொடங்கவே இல்லை என்று பொருள். ‘சி.எஸ்.ஆர். போட்டாச்சு, போங்க’ என்ற பதிலில் திருப்தியடைந்து பல மாதங்களை இழந்தவர்கள் ஏராளம்.

எந்தப் புகாருக்கு எஃப்.ஐ.ஆர். கட்டாயம்?

குற்றங்களைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமலே காவல்துறை விசாரிக்கவும் கைது செய்யவும் கூடியவை ஒரு வகை. வக்கீல்கள் இதை ‘காக்னிசபிள்’ என்பார்கள். கொலை, பாலியல் குற்றங்கள், வழிப்பறி, செயின் பறிப்பு, மோசடி, வீடு புகுந்து திருடுதல் எல்லாம் இதில் சேரும். இந்த வகைக் குற்றம் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. புகார் உண்மையா பொய்யா என்பது பதிவு செய்தபின் பார்க்க வேண்டிய விஷயம்.

இதற்கு ஒரு விலக்கைப் புதுச்சட்டம் கொண்டுவந்திருக்கிறது. மூன்று ஆண்டுக்குக் குறையாமலும் ஏழு ஆண்டுக்குள்ளும் தண்டனை உள்ள குற்றமென்றால், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு முதல்கட்ட விசாரணை நடத்தலாம், 14 நாட்களுக்குள் அதை முடிக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 173(3). ‘விசாரிச்சுட்டுப் போடுறோம்’ என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள்: டி.எஸ்.பி. அனுமதி வாங்கியாயிற்றா? 14 நாள் என்றைக்கு முடிகிறது?

இன்னொரு வகையில் மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால்தான் காவல்துறை விசாரிக்க முடியும். ஆயுதமில்லாத சாதாரண அடி, அவதூறு போன்றவை இதில் வரும். அப்போதும் ‘எங்களால முடியாது’ என்று வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. தகவலைப் பதிவேட்டில் எழுதி, உங்களை மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்ல வேண்டும் (பிரிவு 174).

பலருக்குத் தெரியாத ஒரு மாற்றம்: 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளின் சாதாரணத் திருட்டு இப்போது இந்த இரண்டாம் வகைக்குப் போய்விட்டது. திருடு போன சைக்கிளின் மதிப்பை ‘சுமார் நாலாயிரம்’ என்று குத்துமதிப்பாக எழுதுவதற்கு முன் பில்லைத் தேடிப் பாருங்கள்.

புகாரை எப்படி எழுதுவது?

சட்டப்பிரிவெல்லாம் நீங்கள் எழுத வேண்டியதில்லை. எந்தப் பிரிவு என்று பார்ப்பது ஸ்டேஷன் வேலை. தவறான பிரிவை எழுதிவிட்டு அதையே பிடித்துக்கொண்டு நிற்பதைவிட, நடந்ததைச் சரியாக எழுதுவது மேல். அனுப்புநர், பெறுநர், பொருள், அதன்கீழ் நடந்தது. பெறுநர் ‘காவல் ஆய்வாளர்’ அல்லது ‘நிலையப் பொறுப்பு அதிகாரி’.

முதல் பத்தியிலேயே நாள், கிழமை, மணி, இடம் நான்கும் வர வேண்டும். இப்படி:

‘03.02.2025 திங்கட்கிழமை இரவு சுமார் 9.30 மணிக்கு, பேருந்து நிலையத்திலிருந்து ரயில்வே கேட் செல்லும் சாலையில், அரசு மேல்நிலைப்பள்ளி மதிலுக்கு எதிரே நடந்துசென்றபோது, பின்னால் கறுப்பு நிற இருசக்கர வாகனத்தில் வந்த இருவரில் பின்னிருக்கையில் இருந்தவர் என் கழுத்தில் இருந்த மூன்று பவுன் செயினை இழுத்துப் பறித்தார். கழுத்தின் இடதுபக்கம் கீறல் காயம். தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் ஹெல்மெட் போட்டிருந்தார், பறித்தவர் போடவில்லை. அவரை நேரில் பார்த்தால் அடையாளம் காட்டுவேன்.’

இதில் தெருவிளக்கு எதற்கு? ஓராண்டு கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி ‘அந்த இருட்டில் முகம் எப்படித் தெரிந்தது?’ என்பதுதான். காயம், ஆயுதம், பேசிய வார்த்தை, பார்த்தவர்கள், தெரிந்த பெயர்கள், இழந்த பொருளின் மதிப்பு எதையும் விடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். எல்லா விவரமும் அடங்கிய ஏடாக இருக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனாலும் முக்கியமான ஒரு பெயரோ ஒரு வெட்டுக்காயமோ முதல் புகாரில் இல்லாமல் பின்னால் வந்தால், ‘யோசித்துச் சேர்த்தது’ என்ற சந்தேகம் தானாக எழும். அதே காரணத்துக்காக, சம்பவ இடத்திலேயே இல்லாத மாமனையும் மைத்துனனையும் கோபத்தில் சேர்க்காதீர்கள். ஒரு பொய்ப்பெயர் மற்ற உண்மைப்பெயர்களையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

தாமதமாகப் போகிறீர்கள் என்றால் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்: ‘அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்ததால்’, ‘பெரியவர்கள் பேசி முடிப்பதாகச் சொன்னதால்’. எஃப்.ஐ.ஆர். படிவத்தில் தாமதத்துக்கான காரணம் என்றே ஒரு கட்டம் இருக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் அது காலியாகக் கிடக்கும். நகல் இரண்டு எடுங்கள். ஒன்றில் ஸ்டேஷன் முத்திரை, தேதி, வாங்கியவர் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். அதை அதிகாரி எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். படித்துக்காட்டாமல் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

செல்போனைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். ‘தவறவிட்டேன்னு எழுதிக் கொடுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்’ என்கிறார்களே?

எழுதிக் கொடுக்காதீர்கள். ‘தவறவிட்டேன்’ என்றால் குற்றமே நடக்கவில்லை. ஸ்டேஷனின் குற்றக் கணக்கில் ஒன்று குறையும். உங்கள் பக்கம் குறைவது வேறு. அந்தப் போனை வைத்து யாராவது யு.பி.ஐ.யில் பணம் எடுத்தாலோ, உங்கள் சிம்மிலிருந்து யாரையாவது மிரட்டினாலோ, ‘பறிபோனது’ என்ற பதிவு உங்களிடம் இருக்காது. இன்சூரன்ஸ் இருந்தால் அதுவும் போச்சு. பறிப்பதைத் தனிக்குற்றமாகவே பி.என்.எஸ். 304 வைத்திருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம்.

உண்மையிலேயே தொலைத்துவிட்டீர்கள் என்றால் கதை வேறு. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. புத்தகம், கல்விச் சான்றிதழ் போன்றவை தொலைந்ததற்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கையை நீங்களே பதிவு செய்து எடுத்துக்கொள்ளலாம், எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. போன் தொலைந்தாலும் திருடு போனாலும், மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (போனுக்கே உரிய அடையாள எண்) கொடுத்து முடக்கலாம். அதற்குப் போலீஸ் புகாரின் நகல் கேட்பார்கள். ஓ.டி.பி. வர வேண்டும் என்பதால், அதே எண்ணுக்கு மாற்று சிம் முதலில் வாங்கிவிடுங்கள். ஐ.எம்.இ.ஐ. எண் போன் வந்த பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும்.

‘இது எங்க லிமிட் இல்லை’ என்று அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பக் கூடாது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று 173(1) தெளிவாகவே சொல்கிறது. அவர்கள் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். திருச்சியிலிருந்து சென்னைக்கு வரும் பேருந்தில் நகை போனால், விழுப்புரத்தில் போனதா செங்கல்பட்டில் போனதா என்று ஆராய்ந்துகொண்டு அலைய வேண்டியதில்லை. ஆனால் நடைமுறையில் ஒன்று: எல்லைக்குட்பட்ட நிலையம் பத்து நிமிடத் தொலைவில்தான் என்றால் அங்கேயே போய்விடுவது உங்களுக்குத்தான் லாபம். கோப்பு கை மாறும் நாட்கள் மிச்சம்.

‘இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க’ என்பது எப்போது சரி?

பல நேரங்களில் சரிதான். வாங்கிய கைமாற்றைத் திருப்பித் தரவில்லை, வாடகைக்காரர் காலி செய்யவில்லை, வரப்பு எங்கே என்று தகராறு. இவற்றைத் தீர்க்கும் அதிகாரம் காவல்துறைக்கு இல்லை. உட்கார வைத்துப் பேசிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கித் தந்தால் அது கட்டப்பஞ்சாயத்து. இன்று உங்களுக்குச் சாதகமாக நடப்பது நாளை எதிராளிக்கும் நடக்கும்.

கடனுக்கும் மோசடிக்கும் நடுவிலுள்ள கோடு ‘ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா?’ என்பது. தொழில் நொடித்ததால் பணம் தர முடியாதவர் கடன்காரர். இல்லாத மனையைக் காட்டி அட்வான்ஸ் வாங்கியவர் மோசடிக்காரர். புகாரில் அந்த ஆரம்பத்தைக் காட்டும் ஆதாரங்களை முன்னால் வையுங்கள்: போலிப் பட்டா, ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்ற வில்லங்கச் சான்று. பெரிய தொகை என்றால் மாவட்டங்களில் மாவட்டக் குற்றப்பிரிவு, மாநகரங்களில் மத்தியக் குற்றப்பிரிவு, நிதி நிறுவன முதலீட்டு மோசடி என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவு.

செக் பவுன்ஸுக்கு ஸ்டேஷன் வாசலில் நின்று நாளைக் கடத்தாதீர்கள். செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம். பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் வழக்கு. இந்தக் கணக்கில் ஒரு நாள் பிசகினாலும் தாமதத்துக்கு விளக்கம் சொல்லி மன்றாட வேண்டியிருக்கும். நோட்டீஸ் நாள் தவறினால் அந்த மன்றாடலுக்கும் வழியில்லை.

ஆன்லைனில் புகார் கொடுத்தால் போதுமா?

தொடக்கமாக நல்லது, நேரமும் தேதியும் அழியாமல் பதிவாகும். ஆனால் மின்னஞ்சலிலோ இணையத்திலோ கொடுத்த தகவல் எஃப்.ஐ.ஆராக வேண்டுமானால், கொடுத்தவர் மூன்று நாளுக்குள் அதில் கையெழுத்திட வேண்டும். இது சட்டத்திலேயே இருக்கும் நிபந்தனை. அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதால் வீணாகும் புகார்கள் பல.

ஆன்லைனில் பணம் போனால் மட்டும் வரிசை தலைகீழ். முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன், உடனே உங்கள் பேங்குக்குத் தகவல், பிறகுதான் எழுத்துப் புகார். பணம் கணக்கு மாறி மாறிப் போவதற்குள் முடக்குவதுதான் நோக்கம் என்பதால் முதல் ஒரு மணி நேரம் பொன். கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பரிவர்த்தனை எண், நேரம், தொகை, எந்தக் கணக்குக்கு அல்லது யு.பி.ஐ. முகவரிக்குப் போனது.

புகாரை வாங்கவே மறுக்கிறார்கள். அடுத்து என்ன?

படிகள் மூன்று. ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குத் தாவினால் திருப்பி அனுப்புவார்கள்.

முதலில், அதே புகாரை எஸ்.பி.க்கு எழுத்தில் தபாலில் அனுப்ப வேண்டும். மாநகரம் என்றால் காவல் ஆணையர் அல்லது துணை ஆணையருக்கு. 173(4) சொல்வது இதைத்தான். ‘இந்தத் தேதியில், இந்த நேரத்தில் நிலையத்துக்குப் போனேன், வாங்க மறுத்தார்கள்’ என்ற வரியை மேலே சேர்த்து, புகாரின் நகலை இணையுங்கள். ஸ்பீடு போஸ்ட் ரசீதும், போய்ச் சேர்ந்ததைக் காட்டும் இணையப் பதிவின் பிரிண்டும் பத்திரம். பல மாவட்டங்களில் புதன்கிழமைதோறும் மனு வாங்குகிறார்கள். நேரில் போய்க் கொடுக்கலாம், ஆனால் தபாலை விட்டுவிடாதீர்கள். பின்னால் நீதிமன்றம் கேட்கும் ஆதாரம் அதுதான்.

எத்தனை நாள் காத்திருப்பது என்று சட்டம் சொல்லவில்லை. இரண்டு வாரம் நியாயமான பொறுமை என்பது எங்கள் கணிப்பு.

அடுத்த படி, உங்கள் பகுதி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 175(3)இன்கீழ் மனு. பழைய சட்டத்தில் இது 156(3) என்பதால், பழைய வக்கீல்கள் இன்னும் ‘ஒன் ஃபிஃப்டி சிக்ஸ் த்ரீ’ என்றே சொல்வார்கள். பிரமாணப் பத்திரம் இணைத்தே ஆக வேண்டும். பொய்யான மனுக்கள் குவிந்ததால் 2015இல் உச்ச நீதிமன்றம் கொண்டுவந்த நிபந்தனை இது. இப்போது சட்டத்திலேயே ஏறிவிட்டது. நிலையத்தில் கொடுத்ததற்கும் எஸ்.பி.க்கு அனுப்பியதற்கும் சான்று இல்லாமல் போனால் மனு அங்கேயே நின்றுவிடும். காவல்துறை சொல்வதையும் கேட்டபிறகே மாஜிஸ்திரேட் உத்தரவிடுவார். சாட்சியும் ஆவணமும் உங்கள் கையிலேயே இருந்தால், போலீஸை எதிர்பார்க்காமல் மாஜிஸ்திரேட்டிடமே தனிப்புகாராகத் தாக்கல் செய்வது சில வழக்குகளில் வேகமான வழி.

மூன்றாவது உயர் நீதிமன்றம். அங்கே ஓடுவதற்கு முன் மேலே உள்ள இரண்டையும் முடித்திருக்க வேண்டும் என்பதே பொதுவிதி.

வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று நிற்காதீர்கள். நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போன் 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் இலவசம்.

சில புகார்களுக்கு மட்டும் தனி விதி உண்டாமே?

உண்டு. பாலியல் குற்றப் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளி என்றால் அவர் இருக்கும் இடத்துக்கே வந்து, வீடியோ பதிவோடு எழுத வேண்டும். இந்தக் குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். போட மறுக்கும் அதிகாரிக்கு பி.என்.எஸ். 199இன்படி ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் புகாரில் முதல்கட்ட விசாரணை என்ற பேச்சுக்கே இடமில்லை (பிரிவு 18ஏ). விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையக் கூடாது. குழந்தை காணாமல் போனால் ‘சொந்தக்காரங்க வீட்டுல தேடிட்டு வாங்க’ என்று சொல்லக் கூடாது. கடத்தல் என்றே கருதி உடனே எஃப்.ஐ.ஆர். போட 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

எஃப்.ஐ.ஆர். நகல் வந்தது. எதைச் சரிபார்க்க வேண்டும்?

நகல் உடனே, இலவசமாகத் தரப்பட வேண்டும். ‘பேப்பர் வாங்கிட்டு வாங்க’ என்ற பேச்சு கூடாது. நிலையத்தை விட்டுக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து படியுங்கள்.

சம்பவம் நடந்த நேரமும் தகவல் கிடைத்த நேரமும் தனித்தனிக் கட்டங்கள். மதியம் 12 மணிக்கு நீங்கள் போயிருக்க, தகவல் கிடைத்த நேரம் இரவு 8 என்று இருந்தால் அப்போதே சொல்லுங்கள். அந்த எட்டு மணி நேர இடைவெளி உங்கள் தலையில்தான் விடியும். குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர், அவர்களுடைய அப்பா பெயர் சரியா? பொருட்பட்டியலில் எதுவும் விடுபட்டிருக்கிறதா? உங்கள் சொந்தப் புகார் வார்த்தை மாறாமல் சேர்ந்திருக்கிறதா? படிவத்தின் கடைசிக் கட்டம் நீதிமன்றத்துக்கு அனுப்பிய தேதியும் நேரமும். அதை யாரும் பார்ப்பதில்லை. வழக்கு நடக்கும்போது வக்கீல்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சட்டப்பிரிவு லேசாக இருக்கிறதே என்று கலங்க வேண்டாம். காயச்சான்று வந்தபின் பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பலாம். தலையில் எலும்பு முறிவு என்று ஸ்கேன் சொன்ன மறுநாளே அதன் நகலை விசாரணை அதிகாரியிடம் எழுத்து மனுவோடு கொடுங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நகல் பெறும் உரிமை உண்டு. 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, பாலியல் குற்றம் போன்ற நுட்பமான வழக்குகள் தவிர மற்றவை 24 மணி நேரத்தில் இணையதளத்தில் ஏற வேண்டும்.

என்மேல் யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. போக வேண்டுமா?

ஒளியாதீர்கள், ஆனால் எந்த மனு, என்ன எண், எந்த அதிகாரி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுத்தில் அழைப்பு கேட்பது உங்கள் உரிமை. எஃப்.ஐ.ஆரில் பெயர் இருந்து, கைது தேவைப்படாத நிலை என்றால் 35(3)இன்கீழ் நோட்டீஸ் தர வேண்டும் (பழைய 41ஏ). இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நோட்டீஸ்படி ஆஜராகிக்கொண்டிருக்கும்வரை, காரணம் எழுதிவைக்காமல் கைது செய்ய முடியாது. ஆஜராகாவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

சாட்சியாக அழைத்தால், பெண்கள், 15 வயதுக்குட்பட்ட ஆண்கள், 60 வயதைக் கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது. அவர்கள் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் (பிரிவு 179). விசாரணையில் நீங்கள் சொல்வதை அதிகாரி எழுதிக்கொள்ளலாம். அந்த வாக்குமூலத்தில் உங்களிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்கிறது 181. வெற்றுத்தாளில் கையெழுத்து என்பது எந்தச் சட்டத்திலும் கிடையாது.

கைது என்று வந்துவிட்டால்: காரணம் சொல்ல வேண்டும், வீட்டில் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும், கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊர்க்காரரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும், மருத்துவப் பரிசோதனை உண்டு, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்தபின் பெண்ணைக் கைது செய்ய, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்ற பெண் அதிகாரி வேண்டும். மூன்று ஆண்டுக்குக் குறைந்த தண்டனைக் குற்றத்தில் 60 வயது கடந்தவரை டி.எஸ்.பி. அனுமதியின்றிக் கைது செய்யக் கூடாது.

அடித்தார்கள் என்றால் மாஜிஸ்திரேட் கேட்கும்போதே சொல்லுங்கள், காயத்தைக் காட்டுங்கள். ‘வெளியே வந்து பார்த்துக்கலாம்’ என்று நினைப்பதற்குள் காயம் ஆறிவிடும். காவல் நிலைய சி.சி.டி.வி. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 டிசம்பர் உத்தரவு. அதே ஆண்டு ஜூனில் தந்தையும் மகனும் உயிரிழந்த சாத்தான்குளம் வழக்கில், நிலையத்தின் கேமராப் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை மாஜிஸ்திரேட்டின் அறிக்கை வெளிக்கொண்டுவந்தது. அதனால் பதிவைப் பாதுகாக்கக் கேட்டு அன்றே எழுத்தில் மனு கொடுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போக ஓராண்டுக்குள் போக வேண்டும்.

கோபத்தில் கொடுத்துவிட்டேன். எஃப்.ஐ.ஆரைத் திரும்பப் பெறலாமா?

மனு ரசீது நிலையில் இருந்தால் எழுதிக்கொடுத்து முடித்துக்கொள்ளலாம். எஃப்.ஐ.ஆர். ஆனபின் அது உங்கள் சொத்து இல்லை, அரசின் வழக்கு. சமரசம் செய்யத்தக்க குற்றமென்றால் நீதிமன்றத்தில் ராஜி ஆகலாம் (பிரிவு 359). மற்றவற்றில் உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்ய முடியும். கொலை முயற்சி, பாலியல் குற்றம் போன்றவற்றில் அங்கும் எளிதில் சம்மதிக்க மாட்டார்கள். ஸ்டேஷனிலேயே ‘கேஸை வாபஸ் வாங்கித் தர்றேன்’ என்று பணம் கேட்கிறவரை நம்பாதீர்கள்.

தெரிந்தே பொய்ப்புகார் கொடுத்தால் பி.என்.எஸ். 217இன்படி ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கெடுதல் செய்யும் நோக்கத்தோடு பொய் வழக்கே தொடுத்தால் 248இன்படி ஐந்து ஆண்டு வரை போகும். நிரூபிக்க முடியாமல் போன புகார் எல்லாம் பொய்ப்புகார் ஆகாது. அந்த பயத்தில் உண்மைப் புகாரை விட்டுவிட வேண்டாம்.

குற்றத்தைப் பார்த்தும் பேசாமல் இருந்தால் தப்பா?

கொலை, கொள்ளை, ஆள்கடத்தல் போன்ற குறிப்பிட்ட பெருங்குற்றங்களைத் தெரிந்தவர் தகவல் தருவது கடமை என்கிறது பிரிவு 33. திருடனைப் பிடித்தால் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். கட்டிவைத்து அடித்தால் வழக்கு அடித்தவர்கள்மேல் திரும்பும். விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்தவர் பெயரோ முகவரியோ சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

எஃப்.ஐ.ஆர். போட்டு மாதங்கள் ஆகின்றன. ஒரு தகவலும் இல்லை.

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று 193(3) புதிதாகச் சேர்த்திருக்கிறது. 91ஆம் நாள் குற்ற எண்ணைக் குறிப்பிட்டு விசாரணை அதிகாரிக்கும், நகல் டி.எஸ்.பி.க்கும் எழுதுங்கள். வண்டித் திருட்டு என்றால், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றை இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்கும். அதையும் அதே மனுவில் கேட்கலாம். சின்னக் குற்றங்களுக்குக் காலவரம்பு ஓடிக்கொண்டிருப்பதை மறக்க வேண்டாம். அபராதம் மட்டும் என்றால் ஆறு மாதம், ஓராண்டு வரை தண்டனை என்றால் ஓராண்டு, மூன்றாண்டு வரை என்றால் மூன்றாண்டு. அதற்குமேல் நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுப்பது கடினம்.

‘ஆர்.சி.எஸ். நோட்டீஸ்’ என்று ஒரு தாள் வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டு வாங்கலாமா?

வாங்குங்கள், தேதி போட்டு வாங்குங்கள். உங்கள் வழக்கை முடித்துவைக்கப் போகிறோம் என்ற அறிவிப்பு அது. ‘சங்கதிப் பிழை’, ‘மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது’, ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று ஏதாவதொரு காரணம் இருக்கும். வாங்குவதால் நீங்கள் ஒப்புக்கொண்டதாகாது. ‘எனக்கு ஆட்சேபனை இல்லை’ என்று கூடவே எழுதிக் கேட்டால் மட்டும் எழுதாதீர்கள்.

புகார்தாரரைக் கேட்காமல் மாஜிஸ்திரேட் இந்த அறிக்கையை ஏற்கக் கூடாது என்பது 1985இலிருந்தே உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. நோட்டீஸில் குறித்த நாளுக்குள் ஆட்சேபனை மனுத் தாக்கல் செய்யுங்கள். ‘விசாரணை சரியில்லை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பலன் இருக்காது. எந்தச் சாட்சியை விசாரிக்கவில்லை, எந்தக் கடையின் கேமராப் பதிவை வாங்கவில்லை, எந்த எண்ணின் அழைப்புப் பட்டியலை எடுக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மாஜிஸ்திரேட் அறிக்கையை ஏற்கலாம், மேல்விசாரணைக்கு உத்தரவிடலாம், அறிக்கையைத் தள்ளிவிட்டு நேராக வழக்கைக் கோப்பில் எடுக்கவும் செய்யலாம். நோட்டீஸே வராமல் வழக்கு முடிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டால், அந்த நீதிமன்ற அலுவலகத்தில் குற்ற எண்ணைச் சொல்லி, இறுதி அறிக்கையின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். அதில் உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்ததாகக் காட்டியிருக்கும் கையெழுத்து உங்களுடையதுதானா என்று முதலில் பாருங்கள்.